ஜமக்காளக் கடைக்கு இணையதளம்: இரண்டு மாதிரிகளில் எதைத் தேர்வது?

கேள்வி: பவானி தறிவீடு

அனைவருக்கும் வணக்கம். பவானியில் எங்கள் குடும்பம் ஜமக்காளம் நெய்து விற்கிறது. சில தறிகள் வீட்டோடு இருக்கின்றன. மற்றவை அக்கம்பக்கத்து நெசவாளர் வீடுகளில் ஓடுகின்றன. நூல் வாங்குவது, சாயத்துக்குக் கொடுப்பது, பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) போட்டுத் தருவது எல்லாம் மாமனார் கையில். கடையையும் தொலைபேசியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்கு நேரில் வருகிறவர்கள், தெரிந்தவர் சொல்லி அழைப்பவர்கள் என்று இத்தனை காலம் வியாபாரம் நடந்தது. இப்போது வெளியூரிலிருந்து அழைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே “உங்களுக்கு இணையதளம் இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள்.

ஈரோட்டில் இருவரிடம் கேட்டோம். ஆளுக்கு ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். முதல் மாதிரி குங்குமச் சிவப்பில் இருக்கிறது. மேலே கூடுதுறையும் சங்கமேசுவரர் கோயில் கோபுரமும் வானிலிருந்து எடுத்த வீடியோவாக ஓடுகின்றன. அதன் கீழே பெரிய பெரிய படங்கள் தாமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டாவது வெள்ளைப் பின்னணி. ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் ஒரு கட்டம், விலை, கூடையில் சேர்க்க ஒரு பொத்தான். எழுத்து வர வேண்டிய இடங்களில் இரண்டு பேருமே புரியாத லத்தீன் வரிகளை நிரப்பிவைத்திருக்கிறார்கள். “பிறகு நீங்கள் விஷயத்தைக் கொடுங்கள், மாற்றிக்கொள்ளலாம்” என்றார்கள்.

மாமனாருக்குக் கோபுரம் வரும் மாதிரிதான் பிடித்திருக்கிறது. கணவர், கூடை இல்லாத இணையதளம் எதற்கு என்கிறார். எனக்கு இரண்டுமே அழகாகத்தான் தெரிகின்றன. எதைக் கொண்டு முடிவெடுப்பது என்பதுதான் விளங்கவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் தளம் வந்துவிட்டால் நல்லது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பீளமேட்டுக்காரன்

அம்மணி, இரண்டு மாதிரிகளையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்கள் கடைக்கு யார் அழைக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று அந்த இருவரில் யாரும் உங்களிடம் விசாரித்ததாக உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை. அந்த லத்தீன் வரிகளே அதற்குச் சாட்சி. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலேயே அதைச் சொல்வதற்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். எத்தனை அடி நீளம், என்ன அகலம், யாருக்கு என்று தெரியாமல் உங்கள் மாமனார் பாவு போடச் சொல்வாரா? நிச்சயம் சொல்லமாட்டார். இணையதளத்திலும் நிறத்துக்கு முன்னால் முடிவாக வேண்டியவை இருக்கின்றன.

கோவை, திருப்பூர், கரூர் பக்கத்துத் தொழில்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறை, நீர்மூழ்கி பம்புகளுக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். முதலாளி கேட்டது பட்டறையின் முகப்புப் படம், இயந்திரங்களின் படம், ‘எங்கள் லட்சியம்’ என்று ஒரு பக்கம். நான் மாதிரி எதுவும் போடாமல் அவருடைய அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து, வந்த அழைப்புகளைக் கேட்டேன். தாராபுரத்திலிருந்து ஒருவர், உடுமலையிலிருந்து ஒருவர், பெரும்பாலும் மெக்கானிக்குகள். பம்பைக் கிணற்றிலிருந்து மேலே ஏற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் நின்றபடியே பேசுகிறார்கள். தகட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள்: நாலு அங்குலமா ஆறு அங்குலமா, எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஸ்டேஜ். பாதி எழுத்து தேய்ந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இதற்குப் பொருந்தும் பாகம் உங்களிடம் இருக்கிறதா, இன்றைக்கே பஸ்ஸில் போட்டுவிட முடியுமா?

அந்தத் தளத்தின் முதல் திரையே அந்தக் கேள்விகளாக அமைந்தது. அங்குலத்தைத் தொட்டால் குதிரைத்திறன், அதைத் தொட்டால் ஸ்டேஜ், பிறகு பாகத்தின் எண்ணும் அழைப்பதற்கான பொத்தானும். தகடு தேய்ந்திருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வழி. வெயிலில் நின்று பார்ப்பவருக்குச் சாம்பல் நிறத்து மெல்லிய எழுத்து தெரியாது; ஆகவே வெள்ளையில் கறுப்பு, தடித்த எழுத்து. கையில் கிரீஸ் இருக்கும். ஆகவே பெரிய பொத்தான்கள். பட்டறை முகப்புப் படம் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. முதலாளி முதலில் முகம் சுளித்தார். ஏன் அங்கே என்று காரணம் சொன்னதும் அவரே ஒத்துக்கொண்டார். எந்த வண்ணம் நன்றாக இருக்கும் என்ற விவாதமே எங்களுக்குள் எழவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், அவருடைய முதல் கேள்வி என்ன, எதைச் சொன்னதும் பணம் அனுப்பினார், எதைச் சொன்னதும் பதில் வராமல் நின்றுபோயிற்று. கடைசி இரண்டும் மிக முக்கியம். நின்றுபோன இடத்தில்தான் உங்கள் இணையதளத்துக்கு வேலை இருக்கிறது.

அதன் பிறகு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தத் தளத்துக்கு வருபவர் யார், வந்தபின் அவர் என்ன செய்ய வேண்டும். ‘எங்கள் புகழ் பரவ வேண்டும்’ என்று எழுதாதீர்கள். பரவியதா இல்லையா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘மண்டபத்துக்கு ஜமக்காளம் தேடுபவர், அளவையும் தேவைப்படும் தேதியையும் எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டும்’ என்று எழுதினால் மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துவிடலாம். அந்த வாக்கியத்தில் இரண்டு ‘மற்றும்’ வந்தால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

கூடை வேண்டுமா என்ற கேள்விக்கும் அந்த நோட்டுதான் பதில் சொல்லும். ஒரே அளவு, ஒரே விலை, இருப்பில் உள்ள சரக்கு, கூரியரில் போகும் எடை என்றால் கூடை நல்ல ஏற்பாடு. கேட்கும் அளவுக்கு நெய்து கொடுத்து, லாரி பார்சலில் அனுப்புகிற வியாபாரம் என்றால் கூடை குறுக்கே நிற்கும். இருப்புக் கணக்கைத் தினமும் திருத்த வேண்டும், ஊருக்கு ஊர் வாடகை மாறும், திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று விதி எழுத வேண்டும். இதற்கெல்லாம் கடையில் ஆள் இருக்கிறதா என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள்.

வானிலிருந்து எடுத்த வீடியோ பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் போனில்தான் பார்ப்பார்கள். கூகுளும் தளங்களின் கைப்பேசி வடிவத்தை வைத்தே அவற்றைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. அந்த மாற்றம் முழுமையடைந்துவிட்டதாக 2023இல் அவர்களே அறிவித்தார்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். கனமான வீடியோவை முகப்பில் வைத்தால் அந்த நேரம் அதற்கே போய்விடும். மாறிக்கொண்டே இருக்கும் படங்களும் அப்படித்தான். ஒருவர் மூன்றாவது படத்தைப் பார்க்கக் காத்திருப்பார் என்று நம்பி முக்கியமான எதையும் அங்கே வைக்கக் கூடாது. முக்கியமில்லாதது எதற்கு அங்கே?

பதில்: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

பீளமேட்டு அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. தோற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுவதை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வெளிநாட்டு வாங்குநர்களோடு வேலை செய்கிறவன் நான். அவர்கள் ஒரு நிறுவனத்தின் தளத்தைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்த உடனேயே ஒரு அபிப்பிராயத்துக்கு வந்துவிடுகிறார்கள். கோணலான படம், எழுத்துப் பிழை, பழைய ஆண்டைக் காட்டும் அடிவரி, இவற்றைப் பார்த்தால் சரக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் அதை இந்தத் தளத்தோடு கலக்காதீர்கள். அவர்கள் கேட்பது குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, மாதம் எவ்வளவு நெய்ய முடியும், சாயத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பவை. சான்றிதழ் படத்தை மட்டும் போட்டால் போதாது. எண்ணைப் போட வேண்டும், அவர்கள் சரிபார்ப்பார்கள். மண்டபக்காரருக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. இருவரையும் ஒரே முகப்பில் வரவேற்கப் போனால் இருவருமே தமக்கில்லை என்று போய்விடுவார்கள்.

பதில்: பீளமேட்டுக்காரன்

தோற்றம் பின்னால் வரும் என்றேன். சிறிய விஷயம் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன கோணல் படமும் எழுத்துப் பிழையும் விஷயத்தைக் கடைசி நேரத்தில் அள்ளிப் போடுவதால் வருபவை. விஷயம் முதலில் கைக்கு வந்துவிட்டால் வடிவமைப்பாளருக்கு அதை நேர்த்தியாக்க நேரம் கிடைக்கும். ஏற்றுமதியைப் பற்றி நீங்கள் சொன்னதை அம்மணி அப்படியே குறித்துக்கொள்ளட்டும்.

பதில்: பவானி தறிவீடு

அண்ணா, சொன்னபடி உட்கார்ந்து படித்தேன். எனக்கே தெரியாத பல விஷயங்கள் கிடைத்தன.

பணம் அதிகம் வருவது மண்டபங்கள், கோயில் கமிட்டிகள், பள்ளிக்கூடங்களிடமிருந்து. அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது அல்ல. “இத்தனை பேர் உட்கார எத்தனை வேண்டும்?” என்பதும் “இந்தத் தேதிக்குள் வந்துவிடுமா?” என்பதும்தான். அடுத்து ஜிஎஸ்டி பில். பந்திக்கு விரிக்கும் நீள ஜமக்காளத்தைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எங்கள் இரண்டு மாதிரிகளிலும் அந்த ரகத்துக்கு இடமே இல்லை!

எண்ணிக்கையில் அதிகம் அழைப்பவர்கள் வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்குபவர்கள். சென்னை, பெங்களூரு. துவைத்தால் சாயம் போகுமா, குழந்தை உட்கார்ந்தால் உறுத்துமா என்று கேட்கிறார்கள். நின்றுபோன உரையாடல்களில் பல இரண்டு இடங்களில் நின்றிருக்கின்றன. ஒன்று, அனுப்பும் செலவைச் சொன்னதும். மற்றொன்று, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு “இது எவ்வளவு பெரியது என்று தெரியவில்லையே” என்றதும்.

இரு தரப்பாருமே கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “நிஜமாகவே பவானியில் கைத்தறியில் நெய்ததா?” வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி விற்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சின்னத்தை மேலே பெரிதாகப் போட்டுவிட்டால் போதுமா? பிறகு, கோபுரம் முகப்பில் வராது என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அவர் மனம் நோகக் கூடாது.

பதில்: பீளமேட்டுக்காரன்

அருமையாகச் செய்திருக்கிறீர்கள், அம்மணி. நீங்கள் எழுதியிருப்பதுதான் இணையதளம். மிச்சமெல்லாம் அதற்கு உடுத்துவது.

பணம் வரும் இடம் மண்டபமும் கோயிலும் என்றால் முகப்பு அவர்களுக்கு. முதல் திரையில் ஒரு கணக்குப் பெட்டி: எத்தனை பேர் உட்கார வேண்டும்? சம்மணமிட்டு உட்காரும் ஒருவருக்கு இரண்டடி என்று வைத்துக்கொண்டால், எத்தனை அடி நீளத்தில் எத்தனை ஜமக்காளம் தேவை என்று அதுவே சொல்லிவிடும். அதன் கீழே தேவைப்படும் தேதி, ஊர், அனுப்பும் பொத்தான். அழுத்தியதும் இந்த விவரமெல்லாம் எழுதப்பட்ட நிலையில் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும். வருகிற செய்தியில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றும் பாக்கி இருக்காது. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு பக்கம் தனியாக. எப்போதும் இருப்பில் இருக்கும் அளவுகளை மட்டும் அனுப்பும் செலவோடு சேர்த்த விலையில் அங்கே போடுங்கள். கணவர் கேட்கும் கூடை அங்கே பொருந்தும். செலவு முதலிலேயே தெரிந்துவிட்டால் நடுவில் நிற்பது குறையும்.

படங்கள்: ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டு எடுக்காதீர்கள். பந்தி ஜமக்காளத்தைக் கூடத்தில் விரித்து, வீட்டு ஆட்களையே வரிசையாக உட்காரவைத்து, இலையும் போட்டு எடுங்கள். எத்தனை பேர், எவ்வளவு பெரியது என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு படம் பதில் சொல்லும். சாயத்துக்கு, பலமுறை துவைத்த பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம்.

கைத்தறியா என்ற கேள்விக்குச் சின்னம் மட்டும் போதாது. பவானி ஜமக்காளம் 2005-06இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. ஆனால் ஊருக்குக் குறியீடு கிடைத்ததாலேயே ஒவ்வொரு கடையும் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் எண்ணோடு போடுங்கள். இல்லாவிட்டால் முதலில் விண்ணப்பியுங்கள், சின்னம் பிறகு வரட்டும். 2006இல் வந்த கைத்தறி முத்திரைக்கும் இதே வழிதான், அனுமதி பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். ஜமக்காளம் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று என்பதும் (1985ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டம்) வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாது. இரண்டு வரியில் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட, உங்கள் வீட்டுத் தறியில் நாடா ஓடுவதை அரை நிமிடம் படம் எடுத்து, அந்தச் சத்தத்தோடு போடுங்கள். நெய்கிறவரிடம் அனுமதி கேட்டு எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையும் காலும் போதும். வீடியோவுக்கு வேலை அங்கே இருக்கிறது. தொட்டால் ஓடட்டும், தானாக ஓட வேண்டாம்.

மாமனாரிடம் கோபுரம் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். அது போகவில்லை. ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் கூடுதுறைக்கு வருகிற கூட்டம் எவ்வளவு! முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். வண்டியில் இடமும் இருக்கும். ‘கடைக்கு வழி’ என்ற பக்கத்தில் கோபுரத்தை வைத்து, கோயில் வாசலிலிருந்து கடைக்கு எப்படி வருவது, வண்டியை எங்கே நிறுத்துவது, விசேஷ நாளில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கான விஷயத்தை மாமனாரே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவரைவிட அது யாருக்குத் தெரியும்?

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். அச்சகத்தில் போட்ட பழைய விலைப்பட்டியலை வடிவமைப்பாளரிடம் அப்படியே கொடுத்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். தளத்தில் ஒட்டினால் கிறுக்கலாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துவிட்டுக் கொடுங்கள். தள முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், வடிவமைப்பாளர் பெயரில் வேண்டாம். இது இன்றைக்கே செய்ய வேண்டியது.

பதில்: கோபி மண்டபப் பொறுப்பாளர்

இந்தத் திரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ‘மண்டபக்காரர்’ நான்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு திருமண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தால் மட்டும் ஜமக்காளம் வாங்கிவிட முடியாது. கமிட்டி கூடும், மூன்று கடைகளின் விலைப்புள்ளியை மேசையில் வைக்க வேண்டும். தலைவர், பொருளாளர் எல்லாம் பெரியவர்கள், போனில் காட்டினால் பார்க்கமாட்டார்கள். நல்ல கடைகளை நானே தாளில் கைப்பட எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். ஆகவே ஒரே தாளில் அச்சிட்டு எடுக்கிற மாதிரி ரகம், அளவு, விலை, வரி, அனுப்பும் செலவு, உங்கள் ஜிஎஸ்டி எண், வங்கி விவரம் கொடுங்கள். மண்டபத்தின் பெயரை ஜமக்காளத்தில் போட்டுத் தருவீர்களா என்பதும் அதில் இருக்கட்டும்; விசேஷம் முடிந்தால் பக்கத்து ஊருக்கு இரவல் போய்த் திரும்பாத ஜமக்காளங்கள் எங்களிடம் நிறைய.

எடையையும் போடுங்கள், அம்மணி. பந்திக்குப் பந்தி சுருட்டி எடுத்துத் திரும்ப விரிக்கிற பெண்களுக்கு அது பெரிய விஷயம். நீளமாக ஒன்று வாங்குவதா, பாதி நீளத்தில் இரண்டு வாங்குவதா என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்வோம்.

பதில்: பீளமேட்டுக்காரன்

ஐயா, மிக்க நன்றி. தளத்தைப் பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்பது எனக்கு இந்தத் திரியில் தோன்றவே இல்லை. அம்மணி, கணக்குப் பெட்டியில் கேட்ட விவரங்களை வைத்து அந்த விலைப்புள்ளித் தாள் தானாகவே பிடிஎஃப் ஆக வரும்படி செய்ய முடியும். பெரிய செலவு ஆகாது. வடிவமைப்பாளரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் தெளிவாக இருக்க வேண்டும்.

பதில்: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

அந்தத் தாளில் ‘இந்த விலை இன்ன தேதி வரை’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை மாற்றினால் பழைய தாளைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். கமிட்டி எப்போது கூடும் என்று சொல்லவே முடியாது.

பதில்: பவானி தறிவீடு

எல்லோருக்கும் நன்றி. வாக்கியத்தை எழுதிவிட்டேன்: ‘மண்டபம், கோயில், பள்ளிக்கு ஜமக்காளம் தேடுபவர், ஆள் கணக்கும் தேதியும் கொடுத்து, கமிட்டியில் வைக்க விலைப்புள்ளித் தாளோடு போக வேண்டும்.’ வீட்டுக்கு வாங்குபவர்களுக்கான பக்கம் அடுத்தது. எழுத்து வேலை முடிகிற வரை வண்ணம் பற்றிப் பேச வேண்டாம் என்று ஈரோட்டுக்காரர்கள் இருவருக்கும் தகவல் சொன்னேன். ஒருவர் மறுத்துவிட்டார், முன்பணம் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். கோபுர மாதிரி செய்தவர், நோட்டை அனுப்புங்கள், நானும் படிக்கிறேன் என்றார். அவரிடமே கொடுக்கப்போகிறோம்.

கோபி அண்ணா, ஒரு கேள்வி: பெயர் போடுவதானால் ஒரு ஓரத்தில் போதுமா, இரண்டு ஓரத்திலும் வேண்டுமா? தாளில் அதற்குத் தனி விலை எழுத வேண்டும்.